ஞானப்பல் எடுத்த ஐந்தாம் நாளில் வலி ஏறுவது ஏன்?

பெரம்பூரில் இருந்து ஒரு வாசகர் நீண்ட மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். வயது 32. பெருங்குடியில் ஒரு நிறுவனத்தில் இரவு ஷிஃப்ட், நாள் முழுக்கத் தொலைபேசியில் பேசும் வேலை. கீழ்த்தாடையின் வலது ஓரத்தில் படுத்தவாக்கில் முளைத்திருந்த ஞானப்பல்லை ஒரு சனிக்கிழமை காலை அறுவைசிகிச்சை செய்து எடுத்திருக்கிறார்கள். ஈறைக் கீறி, கொஞ்சம் எலும்பைக் குடைந்து, பல்லை இரண்டாக வெட்டி எடுத்து, கறுப்பு நூலால் தையல் போட்டிருக்கிறார்கள். ஐந்து நாளைக்கு மாத்திரை.

ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் கன்னம் வீங்கியிருந்தாலும் வலி தாங்கக்கூடிய அளவில்தான் இருந்திருக்கிறது. செவ்வாய் இரவிலிருந்து விண் விண் என்று தெறிக்கும் வலி, காது வரைக்கும் இழுக்கிறது. வாயில் கெட்ட நாற்றம். கீழ் உதட்டின் வலது பாதியும் தாடையும் முதல் நாளிலிருந்தே மதமதப்பாக இருக்கின்றன. வாயை ஒன்றரை விரல் அளவுக்குமேல் திறக்க முடியவில்லை. காய்ச்சல் இல்லை. வியாழக்கிழமை இதை எழுதியிருக்கிறார்.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. அம்மா தயிர், பருப்பு, முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, குழிக்குள் கிராம்பு எண்ணெய் விடுகிறார். பல் பிடுங்கியதால் கண் பார்வை போய்விடுமோ என்ற கவலையும் அவருக்கு உண்டு. நண்பர் ஒருவர் மருந்துக்கடையில் ‘பவரான’ ஆன்டிபயாடிக் வாங்கித் தந்திருக்கிறார். மைத்துனர் ‘நரம்பை வெட்டிட்டாங்க, கேஸ் போடலாம்’ என்கிறார். மேலாளர் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்கிறார்.

கடிதத்தின் கடைசிப் பத்தியில்தான் முக்கியமான விஷயம் இருக்கிறது. அறுவை முடிந்த மறுநாள் இரவே இரண்டு சிகரெட், அப்புறம் தினமும் ஒன்றிரண்டு. இது மனைவிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ‘திரும்பப் போனால் திட்டுவார், மறுபடி காசு கேட்பார், அதனால் வேறு வழி சொல்லுங்கள்’ என்று முடித்திருக்கிறார்.

கடிதம் வந்த அன்றே அவருக்கு ஒரு வரி அனுப்பிவிட்டேன்: ‘இன்றே உங்கள் டாக்டரிடம் போங்கள், சிகரெட்டையும் சொல்லுங்கள்.’ ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும், மற்ற கேள்விகளுக்கான பதிலையும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பெரம்பூர் நண்பருக்கு,

வாயைப் பார்க்காமல், கடிதத்தை வைத்து மட்டும் இதுதான் என்று நான் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது, பல் டாக்டர்கள் ‘டிரை சாக்கெட்’ என்று சொல்லும் நிலைக்கு அப்படியே பொருந்துகிறது. பல் எடுத்த குழியில் முதலில் ரத்தம் நிறைந்து உறைகிறது. முழங்காலில் சிராய்த்தால் மேலே பொருக்கு கட்டுமே, அந்த வேலையைத்தான் இந்த உறைந்த ரத்தம் வாய்க்குள் செய்கிறது. கீழே இருக்கும் எலும்பை மூடி, அதன்மேல் புதுச் சதை வளர இடம் கொடுக்கிறது. அது சீக்கிரமே கரைந்தோ பெயர்ந்தோ போய்விட்டால் எலும்பு திறந்து கிடக்கும். எச்சில், காற்று, சாப்பாடு எது பட்டாலும் வலிக்கும். பல் எடுத்த இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் தொடங்கும். காதுக்கு இழுக்கும், நாற்றம் வரும், மாத்திரைக்கு அடங்காது.

சாதாரணமாகப் பல் பிடுங்கினால் இது நூற்றில் சிலருக்குத்தான் வரும். கீழ்த்தாடை ஞானப்பல்லை அறுவை செய்து எடுக்கும்போது அதைவிடப் பல மடங்கு அதிகம். புகைபிடிப்பவர்களுக்கு இன்னும் அதிகம். ஆக, உங்களுக்கு நடந்தது அபூர்வமும் இல்லை, டாக்டர் கைத்தவறு என்று உடனே முடிவு கட்டவும் முடியாது. சிகரெட்டால்தான் வந்தது என்றும் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஒரு புகைகூட இழுக்காதவர்களுக்கும் வருகிறது. ஆனால் அது பெரிய காரணங்களில் ஒன்று.

வலி எந்தப் பக்கம் போகிறது?

அறுவைக்குப் பிறகு வீட்டில் இருப்பவர்கள் வீக்கத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். நான் வலியைப் பார்க்கச் சொல்வேன். வீக்கம் இரண்டு, மூன்று நாள் வரை ஏறத்தான் செய்யும். 48 மணி நேரத்துக்கும் 72 மணி நேரத்துக்கும் இடையில் உச்சத்துக்கு வந்துவிட்டுப் பிறகு வடியும். உங்கள் கன்னத்தில் ஆரம்பித்துக் கழுத்து வரை இறங்கியிருக்கும் நீலமும் மஞ்சளும் தோலுக்கு அடியில் கசிந்த ரத்தம்தான். கீழ்நோக்கி இறங்குவது அதன் இயல்பு, பத்து நாளில் மறைந்துவிடும். வாய் திறக்க முடியாமல் இருப்பது, தாடைத் தசைகள் இறுகிக்கொள்வதால். இதுவும் எதிர்பார்த்ததுதான்.

வலி அப்படி இல்லை. அது நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்த வலி மறுபடி ஏறினால், எத்தனாவது நாளாக இருந்தாலும் டாக்டரிடம் திரும்பிப் போகவேண்டும். நீங்கள் செவ்வாய் இரவே போயிருந்தால் இரண்டு ராத்திரித் தூக்கமாவது மிஞ்சியிருக்கும்.

போனால் என்ன செய்வார்? குழியை உப்புநீரால் மெதுவாகக் கழுவுவார். உள்ளே மருந்து தோய்த்த சின்னத் துணியோ பசையோ வைப்பார். வைத்த கொஞ்ச நேரத்திலேயே பலருக்கு வலி பாதிக்குமேல் இறங்கிவிடும். ஓரிரு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கலாம். ஒரு வாரம் பத்து நாளில் எலும்பின்மேல் சதை மூடிக்கொள்ளும், அதோடு வலியும் தீர்ந்துவிடும். எதுவும் செய்யாமல் விட்டாலும் கடைசியில் ஆறிவிடும் என்பதுதான் உண்மை. ஆனால் அத்தனை நாளும் வலியைத் தின்றுகொண்டு ஏன் இருக்கவேண்டும்?

டாக்டர் திட்டுவாரே என்கிறீர்கள். ஒரு வார்த்தை சொல்லலாம்தான். ஆனால் நாங்கள் இதைத் தினமும் பார்க்கிறோம். சிகரெட்டை மறைத்தால், அவர் காரணத்தை வேறு எங்கோ தேடுவார், தேவையில்லாத மாத்திரையும் எழுதக்கூடும். காசு விஷயத்திலும் நீங்களாக ஒன்றை நினைத்துக்கொண்டு பயப்படுகிறீர்கள். பல இடங்களில் அறுவைக் கட்டணத்திலேயே அடுத்த சில வருகைகளும் சேர்ந்திருக்கும். போகும்முன் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவரிடம் போகவே மனம் வரவில்லை என்றால் வேறு வழியும் உண்டு. வாய், முக அறுவைசிகிச்சை நிபுணர் எவரிடமும் காட்டலாம். செலவு பெரிய பிரச்சினை என்றால், பெரம்பூரில் இருந்து உங்களுக்கு எளிதாக எட்டும் தூரத்தில்தான் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காலையிலேயே போய் ஓபி சீட்டு போட்டுவிடுங்கள், கூட்டம் அதிகம். எங்கே போனாலும் பழைய எக்ஸ்ரேயும் மருந்துச் சீட்டும் கையில் இருக்கட்டும். ஆனாலும் என் முதல் தேர்வு, அறுவை செய்தவரேதான். உள்ளே வேர் எப்படி வளைந்திருந்தது, எவ்வளவு எலும்பு எடுத்தார், நரம்பு கண்ணுக்குத் தெரிந்ததா என்பதெல்லாம் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

மாத்திரைக் கணக்கு

நண்பர் வாங்கித் தந்த ஆன்டிபயாடிக்கை நிறுத்துங்கள். டிரை சாக்கெட் என்பது சீழ் பிடித்த புண் அல்ல. அதற்கு ஆன்டிபயாடிக் எவ்வளவு ‘பவராக’ இருந்தாலும் பலன் இல்லை, வயிற்றுப்போக்குதான் மிச்சம். ஊசி போட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கும் இதே பதில். குழிக்குள் தெரியும் வெள்ளை, மஞ்சள் படலத்தைச் சீழ் என்று நினைத்துக் காது குடையும் பட்ஸால் துடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இனிமேல் தொடாதீர்கள். ஆறுகிற வாய்ப்புண் வெள்ளையாகத்தான் இருக்கும். வெளியே தோலில் ஆறுவதுபோல இங்கே காய்ந்த பொருக்கு கட்டாது.

டாக்டர் கொடுத்த ஆன்டிபயாடிக்கை மூன்றாம் நாளே நீங்களாக நிறுத்திவிட்டு, அதற்குப் பதில் இதைத் தொடங்கியதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். அதைத் தொடரவேண்டுமா இல்லையா என்று அவர் முடிவு செய்யட்டும். சீட்டில் மெட்ரானிடசோல் இருந்தால், அது முடிந்து மூன்று நாள் வரை மதுவைத் தொடாதீர்கள். நண்பர்கள் ‘வலிக்கு ஒரு பெக்’ என்பார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

இன்னொன்று எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது. டாக்டர் கொடுத்த வலி மாத்திரையில் அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கின்றன. அதை மூன்று வேளை போட்டுவிட்டு, வலி தாங்காமல் இடையிடையே டோலோ 650 நான்கு போட்டிருக்கிறீர்கள். கணக்குப் பாருங்கள். அந்தக் கூட்டு மாத்திரை ஒன்றில் 325 மில்லிகிராம் பாராசிட்டமால், மூன்றுக்கு 975. டோலோ நான்குக்கு 2,600. மொத்தம் 3,575. ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளின் உச்ச வரம்பே 4,000 மில்லிகிராம்தான். குடிப்பழக்கம் இருப்பவர்கள், கல்லீரல் கோளாறு இருப்பவர்கள், எடை குறைந்தவர்கள் அதைவிடக் குறைவாகத்தான் எடுக்கவேண்டும். நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள். பெயர் வேறாக இருப்பதால் மருந்தும் வேறு என்று நினைத்துவிடுகிறோம். அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படிக்கும் பழக்கம் இருந்தால் இந்தக் குழப்பம் வராது.

அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளைச் சாப்பிட்ட பிறகுதான் போடவேண்டும். அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தால் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. சென்னைவாசி என்பதால் ஒரு எச்சரிக்கை: மழைக்காலத்தில் பல் எடுத்தவருக்குக் காய்ச்சல் வந்தால், அது பல்லால் வந்த காய்ச்சல் என்று நாமே தீர்மானித்துவிடக்கூடாது. டெங்குவாக இருந்தால் இந்த வகை மாத்திரைகள் ரத்தக்கசிவை அதிகப்படுத்தும். அப்போது பாராசிட்டமால் மட்டும் போட்டுக்கொண்டு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

அம்மாவின் பத்தியம்

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜெனால்தான் நாங்கள் குழியில் வைக்கும் பல மருந்துகளிலும் இருக்கிறது. அந்த வகையில் அவர் கைமருந்து சரியான திசையில்தான் போகிறது. சிக்கல் அளவில் இருக்கிறது. எண்ணெயை அப்படியே ஊற்றினால் ஈறு வெந்துவிடும். உங்களுக்கோ உதடு மரத்திருக்கிறது, அதாவது நரம்பு மிக அருகில் இருக்கிறது. அங்கே யூஜெனால் நேராகப் பட்டால் நரம்பையே அது பாதிக்கலாம். மருந்து வைக்கும் டாக்டரிடமும் ‘உதடு மரத்திருக்கிறது’ என்பதை முதலிலேயே சொல்லுங்கள். எந்த மருந்தை வைப்பது என்பதை அவர் அதைப் பொறுத்து மாற்றுவார்.

உப்புநீர் நல்லது. ஆனால் நீங்கள் அறுவை நடந்த அன்று சாயங்காலமே ஆரம்பித்து, தொண்டை கிழியக் கொப்பளித்திருக்கிறீர்கள். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவே கூடாது. எச்சிலைக்கூட வேகமாகத் துப்பாமல் விழுங்கிவிடவேண்டும். அதற்குப் பிறகு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு. வாயில் வைத்துத் தலையை அந்தப் பக்கம் சாய்த்து, அப்படியே வாஷ்பேசினில் வழியவிடுங்கள். சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் செய்யலாம். டாக்டர் குளோர்ஹெக்ஸிடின் என்ற வாய் கொப்பளிக்கும் மருந்தைக் கொடுத்திருந்தால், பல் தேய்த்து அரைமணி கழித்துப் பயன்படுத்துங்கள். பற்களில் பழுப்புக் கறை வந்தால் பயப்படவேண்டாம், க்ளீனிங்கில் போய்விடும்.

ஒத்தடத்திலும் வரிசை மாறிவிட்டது. முதல் நாளே வெந்நீர் ஒத்தடம் கொடுத்திருக்கிறார் அம்மா. முதல் நாள் ஐஸ்தான், துணியில் சுற்றி, கன்னத்தின் வெளிப்பக்கம், கொஞ்ச நேரம் வைத்து எடுத்து எடுத்து. இரண்டு நாள் கழிந்த பிறகு வெந்நீர் ஒத்தடம். அதனால் இப்போது அம்மா கொடுப்பது சரி, தொடரச் சொல்லுங்கள். வாய் திறக்க உதவும். ஒத்தடம் முடிந்ததும் மெதுவாக வாயைத் திறந்து மூடுங்கள், ஒரு நேரத்துக்குப் பத்துத் தடவை. இரண்டு வாரத்தில் மூன்று விரல் நுழையும் அளவுக்கு வந்துவிடவேண்டும்.

பருப்பு, முட்டை, மீன் சாப்பிட்டால் சீழ் கோக்கும் என்பது நம் வீடுகளில் எல்லோரும் கேட்டு வளர்ந்த பேச்சு. ஆனால் புண் ஆற உடம்பு கேட்பதே அந்தப் புரதத்தைத்தான். ஐந்து நாளாக அரிசிக் கஞ்சியும் உப்பும் மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் களைப்பு வராமல் என்ன செய்யும்? குழைய வேகவைத்த பருப்பு சாதம், தயிர் சாதம், சாம்பாரில் ஊறிய இட்லி, பாலில் ஊறவைத்த இடியாப்பம், ராகிக் கூழ், அரைவேக்காடு இல்லாமல் மெத்தென்று செய்த முட்டை, முள் நீக்கிய மீன் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். தயிரால் சீழ் வராது, ஐஸ்கிரீமாலும் வராது. கடுகு தாளிப்பை மட்டும் நிறுத்துங்கள், அல்லது ரசத்தை வடிகட்டிவிடுங்கள். கடுகும் எள்ளும் குழிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வராது. முறுக்கு, அப்பளம், வேர்க்கடலை மூன்றும் இரண்டு வாரத்துக்கு வேண்டாம். காபி ஆறியபிறகு. இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதீர்கள், டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். உறிஞ்சும்போது வாய்க்குள் உண்டாகும் இழுவிசை புண்ணுக்கு ஆகாது. சிகரெட்டில் அந்த இழுப்போடு புகையும் நிகோட்டினும் சேர்ந்துகொள்கின்றன. நிகோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கி, ஆறவேண்டிய இடத்துக்கு ரத்தம் வருவதையே குறைத்துவிடுகிறது.

கண் பார்வை பற்றி அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். பல்லுக்கு உணர்ச்சி தரும் நரம்பு வேறு, கண்ணுக்குப் பார்வை தரும் நரம்பு வேறு. பார்வை நரம்பு கண்ணின் பின்னால் இருந்து நேராக மூளைக்குப் போகிறது. தாடைப் பக்கம் அது வருவதே இல்லை. பல் வலிக்கும்போது கண்ணோரமும் வலிப்பதற்குக் காரணம், முகத்தின் உணர்ச்சி முழுவதையும் ஒரே பெரிய நரம்பின் மூன்று கிளைகள் பங்குபோட்டுக்கொள்வதுதான்.

உதடு மரத்திருப்பது

உங்களை வலியைவிட அதிகம் பயமுறுத்துவது இதுதான் என்று தெரிகிறது. கீழ்த்தாடை எலும்புக்குள்ளேயே ஒரு கால்வாய் போல வழி இருக்கிறது. அதற்குள் ஓடும் நரம்புதான் உதட்டின் பாதிக்கும் தாடைக்கும் உணர்ச்சி தருகிறது. படுத்து வளர்ந்த ஞானப்பல்லின் வேர்கள் பல சமயம் அந்த வழியின் மேலேயே உட்கார்ந்திருக்கும். பல்லை அசைத்து எடுக்கும்போது நரம்பு நசுங்கலாம், இழுபடலாம், சுற்றிலும் வரும் வீக்கத்தால் அழுத்தப்படலாம். ‘வெட்டிவிட்டார்கள்’ என்பது இவற்றில் மிக அபூர்வமானது. நூற்றில் ஒரு சிலருக்கு இந்த மதமதப்பு வருகிறது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இருந்து ஆறு மாதத்துக்குள் சரியாகிவிடுகிறது. நிரந்தரமாக நின்றுவிடுவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு.

வாய் கோணிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். கோணாது. இந்த நரம்புக்கு உணர்ச்சி மட்டும்தான் வேலை, உதட்டை அசைப்பது வேறொரு நரம்பு. கண்ணாடி முன் நின்று சிரித்துப் பாருங்கள், இரண்டு பக்கமும் சமமாக ஏறும். அப்படி இல்லாமல் முகத்தின் ஒரு பக்கம் அசையாமல் தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ அது பல் சம்பந்தப்பட்டதாக இல்லாமல் பக்கவாதமாக இருக்கலாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

இப்போது செய்யவேண்டியது குறித்து வைப்பது. மரத்திருக்கும் இடத்தின் எல்லையை ஒரு பஞ்சால் தொட்டுப் பார்த்து, பேனாவால் முகத்தில் மெல்லக் கோடு போட்டு, செல்போனில் படம் எடுங்கள். வாரம் ஒருமுறை அதே மாதிரி. எல்லை சுருங்கினால் ஆறுகிறது என்று பொருள். எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, லேசான கூச்சம் வந்தால் பயப்படாதீர்கள், நரம்பு விழித்துக்கொள்ளும் அடையாளம் அது. டாக்டர் பி12 மாத்திரை எழுதலாம். அதனால் கெடுதல் இல்லை, அதை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம். மூன்று மாதத்தில் கொஞ்சம்கூட மாற்றம் இல்லை என்றாலோ, தொட்டாலே ஷாக் அடிப்பதுபோல வலித்தாலோ, நரம்புச் சிகிச்சையில் அனுபவம் உள்ள நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை சூடான காபியிலும், தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொள்வதிலும், ஷேவ் செய்வதிலும் கவனமாக இருங்கள்.

மைத்துனர் சொல்லும் வழக்கு

நான் வழக்கறிஞர் இல்லை. ஆனாலும் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் தெரிந்துவைத்திருக்கவேண்டிய அளவுக்குச் சொல்கிறேன். காசு வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. ஆக வழக்குப் போட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் சிகிச்சையில் வேண்டாத விளைவு வந்தது என்பது மட்டுமே அலட்சியத்துக்குச் சான்று ஆகாது. 2005-ம் ஆண்டு ஜேக்கப் மாத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உதடு மரப்பது இந்த அறுவையில் எல்லோரும் அறிந்த ஆபத்து.

உங்கள் விஷயத்தில் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. அறுவைக்கு முன் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாரா? உதடு மரக்கலாம் என்று உங்களுக்குப் புரியும்படி சொல்லிக் கையெழுத்து வாங்கினாரா? பிரச்சினை வந்ததும் பார்க்க மறுத்தாரா? முதல் இரண்டுக்கும் நீங்களே பதில் எழுதியிருக்கிறீர்கள். முழுத்தாடை எக்ஸ்ரே எடுத்திருக்கிறார், படிவத்திலும் கையெழுத்து வாங்கியிருக்கிறார். அதில் என்ன இருந்தது என்று நீங்கள் படிக்கவில்லை. மூன்றாவதற்கு அவருக்கு நீங்கள் வாய்ப்பே தரவில்லை.

அந்தப் படிவம், எக்ஸ்ரே, கேஸ் ஷீட், பில் எல்லாவற்றின் நகலையும் எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். சண்டை போடும் தொனி வேண்டாம். அடுத்த டாக்டருக்கும் அவை தேவைப்படும். நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. நரம்பு எப்படி ஆறுகிறது என்று தெரிய ஆறு மாதம் போதும். ஐந்தாம் நாளே நோட்டீஸ் அனுப்பினால், உங்களை அக்கறையோடு பார்க்கவேண்டியவர் வக்கீல் மூலமாகத்தான் பேசுவார். நான் உங்கள் இடத்தில் இருந்தால் காத்திருப்பேன்.

எப்போது காத்திருக்கக்கூடாது

மேலே சொன்னதெல்லாம் பொறுத்துச் செய்யக்கூடியவை. பின்வருபவை அப்படி அல்ல. மூன்றாம் நாளுக்குப் பிறகு வீக்கம் வடியாமல் கூடுவது. 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம். தாடைக்குக் கீழே, கழுத்துப் பக்கம் வீக்கம் கல்லாக இறுகுவது. நாக்கை மேலே தூக்கிவிட்டதுபோல வாயின் அடித்தளம் உப்புவது. எச்சிலை விழுங்க முடியாமல் வழிவது, குரல் மாறுவது, மூச்சுவிடச் சிரமப்படுவது. கடைசி மூன்றில் ஏதாவது ஒன்று வந்தால் பல் கிளினிக் எதுவும் வேண்டாம், 108-ஐ அழைத்து நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பல் குழியிலிருந்து கழுத்துக்குப் பரவும் சீழ் மூச்சுப்பாதையை அடைத்துவிடும்.

ரத்தம் கசிந்தால், சுத்தமான துணியை நனைத்து மடித்து அந்த இடத்தில் வைத்து அரைமணி நேரம் அழுத்திக் கடிக்கவேண்டும், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காமல். இரண்டு முறை அப்படிச் செய்தும் நிற்காவிட்டால் கிளம்புங்கள்.

வேலையும், இடது பக்கப் பல்லும்

திங்கட்கிழமை போய் எட்டு மணி நேரம் பேசவேண்டாம். குழிக்கு மருந்து வைத்து வலி அடங்கும்வரை, சில நாளாவது ஓய்வு எடுங்கள். பல் மருத்துவரிடமே சான்றிதழ் கேட்கலாம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ன்படி நோய்க்காக ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. மேலாளர் தயவாகத் தருவது அல்ல அது. பேசாத வேலை, மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது மாதிரி ஏதாவது ஒரு வாரத்துக்கு மாற்றித் தரமுடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

கறுப்பு நூல் தானாகக் கரையாது. ஏழு முதல் பத்து நாளுக்குள் போய் எடுத்துவிடவேண்டும், ஊசி தேவைப்படாத இரண்டு நிமிட வேலை.

கடைசியாக, இடது பக்கமும் இதேபோலப் படுத்த பல் இருக்கிறது, அதையும் அடுத்த மாதம் எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இதில் மட்டும் அவரோடு நான் உடன்பட மாட்டேன், வலது உதட்டுக்கு இப்படி ஆகும் என்று தெரிவதற்கு முன் சொன்னதாக இருந்தால் அவரும் இப்போது மாற்றிக்கொள்வார். ஒரு பக்கம் மரத்திருக்கும்போது மறுபக்கத்தையும் பணயம் வைக்கக்கூடாது. இரண்டு பக்கமும் மரத்துவிட்டால் சாப்பாடு வழிவதுகூடத் தெரியாது. இடது பக்கம் வலியோ, அடிக்கடி ஈறு வீக்கமோ, பக்கத்துப் பல்லில் சொத்தையோ இல்லை என்றால் எந்த அவசரமும் இல்லை. வலது உதட்டில் உணர்ச்சி திரும்பிய பிறகு பேசுங்கள். அப்போதும் சாதாரண எக்ஸ்ரே போதாது, நரம்பும் வேரும் எவ்வளவு நெருக்கம் என்று காட்டும் முப்பரிமாண ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். வேர் நரம்பை ஒட்டியே இருந்தால், பல்லின் தலைப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேரை அங்கேயே விட்டுவிடும் முறையும் இருக்கிறது. எல்லோருக்கும் அது பொருந்தாது. பல்லில் சொத்தையோ வேரில் சீழோ இருந்தால் செய்யமாட்டார்கள். உங்களுக்குப் பொருந்துமா என்று அந்த ஸ்கேனை வைத்துக்கொண்டு அவரிடம் கேளுங்கள்.